தகரச் சத்தம்

கலைமகள் தூக்கத்தில் அடித்தது இலவம்பஞ்சு மெத்தையை. கேட்டதோ தகரத்தில் அடிக்கிற சத்தம்.

அவள் அப்பா ஈஸ்வரமூர்த்திக்கு அது பழகிய சத்தம். அவன் அப்பாவும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் தூக்கத்தில் இரண்டு கையாலும் அடித்து, அடித்தபடியே செத்துப்போனார். பரம்பரையாக வரும் தூக்க வலிப்பாக இருக்கலாம், மகள் தூங்கும்போது மூளை அலையைப் பதிவு செய்து பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். சில குடும்பங்களில் நடுவில் ஒருவரைத் தொடாமல் தாண்டிப் போகுமாம்.

தன்னை ஏன் தாண்டியது என்று அவனுக்குத் தெரியும்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் அவர்களுடைய பனியன் கம்பெனி குடோன் தீப்பிடித்தபோது சாவி அவன் கையில்தான் இருந்தது. துணி வெளியே போய்விடக்கூடாதென்று வேலை நேரத்திலும் பூட்டியே வைக்கிற ஷட்டர். செக்கிங் வேலை பார்த்த மருதாள் உள்ளே மாட்டிக்கொண்டாள். திறந்தால் காற்றுப் புகுந்து சரக்கு மொத்தமும் போய்விடும், தீயணைப்பு வண்டி வரட்டும் என்று கத்தினார் அப்பா. அவன் திறக்கவில்லை. சூடேறிய தகரத்தை அவள் உள்ளிருந்து அடித்துக்கொண்டே இருந்தாள். அவன் வெளியே நின்று கேட்டுக்கொண்டே இருந்தான். பூட்டே போடவில்லை என்று போலீசில் சொன்னதும் அவன்தான்.

ஆஸ்பத்திரியில் மதிய நேரம். ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் வைத்திருந்த குழந்தையின் தலையெல்லாம் பசை தடவி ஒயர்களை ஒட்டினாள் டெக்னீஷியன் ஜெயசுதா. கதவைச் சாத்திவிட்டு வந்து, கண்ணாடிக்கு இந்தப்பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஏசியின் முனகல், அவள் விரலில் ஒட்டிய பசையின் வாடை, திரையில் எறும்பு வரிசையாக ஊர்கிற கோடுகள், கண்ணாடிக்குப் பின்னால் மெல்ல ஏறி இறங்குகிற சின்ன நெஞ்சு என்று எல்லாவற்றையும் அவன் மாறி மாறிக் கவனித்துக்கொண்டிருந்தபோது கைகள் உயர்ந்தன.

அடித்தன. மெத்தையை அல்ல. மேலே, வெறுங்காற்றை.

தகரம் அதிர்ந்தது.

“வலிப்புன்னா இங்க தெரியணுமுங்க,” என்றாள் ஜெயசுதா மெதுவாக. “பாப்பா நல்லாத் தூங்குதுன்னுதான் காட்டுது. இது பாப்பா அடிக்கிறது இல்லீங்க.”

உள்ளங்கை சிவந்தது. கொப்பளித்தது. தோல் உரிந்து காற்றிலேயே ஒட்டித் தொங்கியது.

அவன் கதவுக்கு ஓடினான். கைப்பிடி கொதித்தது. இழுத்தான். திறக்கவில்லை.

உள்ளே குழந்தையின் வாய் அசைந்தது. கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் வந்தது மருதாளின் குரல். கத்தவில்லை, நிதானமாக, மரியாதையாக வந்தது.

“சின்ன மொதலாளிங்க, தொறக்காதீங்க. காத்துப் புகுந்துரும்.”

திரையில் ஒரு கோடு நேரானது. அடுத்தது. அடுத்தது. எல்லாம்.

கைகள் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தன.