ஏழு நீலக் கட்டிகள்

"இந்த வருஷம் ஏரியில எத்தனை பனிக்கட்டி அறுத்தீங்க அண்ணே?"

"நாப்பத்தஞ்சு. மேலத் தெரு ஆளுங்களோட போனேன்."

"பத்தலைன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. யாராவது அறுத்துக் கொடுப்பாங்க."

"நான் யார் வாசல்லயும் போய் நின்னதில்ல ஒக்தோ. இனிமேயும் நிக்க மாட்டேன்."

நவம்பரில் கடை வாசலில் ஸ்பிரிதோன் இப்படிச் சொல்லிவிட்டு விறைப்பாக நடந்து போனது, பிப்ரவரியில் அவர் மகள் சர்கிலானா மருத்துவ நிலையத்துக்குள் நுழைந்தபோதுதான் ஒக்தோவுக்கு மறுபடி நினைவுக்கு வந்தது. ஒக்தோ முப்பது வருடமாக லேனா ஆற்றுப் பக்கத்துத் தீத்தேக் கிராமத்தின் மருத்துவ உதவியாளர். போலீஸ்காரர் இல்லாத ஊரில் காய்ச்சலும் களவும் அவளிடம்தான் வந்து சேரும்.

சர்கிலானா கம்பளிச் சால்வையைக்கூடக் கழற்றவில்லை. இமைகளில் படிந்திருந்த பனி உருகி வழிந்தது. அழுகையும் அதோடு சேர்ந்துகொண்டது.

"அத்தே, அப்பாவோட பனிக்கட்டி திருடு போயிடுச்சு. நாப்பத்தஞ்சுல மூணுதான் மிச்சம். எடுத்தது என் வீட்டுக்காரர்னு ஊரே பேசுது. வண்டியில கட்டியோட அவரைப் பார்த்தவங்க இருக்காங்க."

உறைந்த ஏரியிலிருந்து அறுத்து முற்றத்தில் அடுக்கும் கட்டிதான் மே மாதம் வரைக்கும் குடிதண்ணீர். அதைத் திருடுகிறவனோடு இந்த ஊரில் யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள்.

"நீ என்ன நினைக்கிறே?" என்று ஒக்தோ கேட்டாள்.

சர்கிலானா தலையைக் குனிந்துகொண்டாள். "மூணு வாரமா அப்பப்போ மத்தியானத்துல சறுக்கு வண்டியை இழுத்துட்டுப் போறார். கேட்டா விறகுங்கறார். ஒரு குச்சி வீட்டுக்கு வரல. நானும் சந்தேகப்பட்டேன் அத்தே. கட்டின பொண்டாட்டி இதைச் சொல்றதுக்கே கூசுது. நாளைக்கு ஊர்க் கூட்டம். அவர்கிட்டேர்ந்து லாரிச் சாவியை வாங்கிடுவாங்களாம். வேலையும் போச்சுன்னா எந்த முகத்தோட இங்க இருக்கிறது?"

அவள் கணவன் ஜுலுஸ்தான் ஊர் லாரியின் ஓட்டுநர். வெளியூர்க்காரன், ஒருமுறை மணமுறிவு ஆனவன். மகள் அவனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒன்பது வருடமாக ஸ்பிரிதோன் அவனை 'அந்த டிரைவர்' என்பதைத் தவிர வேறு எப்படியும் அழைத்ததில்லை.

மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த துயாரா எழுந்தே விட்டாள். அவள் பூகோள ஆசிரியை. குளிர் மைனஸ் ஐம்பதைத் தாண்டியதால் ஐந்து நாளாகப் பள்ளிக்கூடம் இல்லை. அவளுக்குப் பொழுது போகவில்லை.

"இதுல என்னக்கா இருக்கு? சறுக்கு வண்டி இருக்கு, பழைய பகை இருக்கு. என் ஏழாங்கிளாஸ் பிள்ளைங்களே கண்டுபிடிச்சிடும்!"

"உன் ஏழாங்கிளாஸ்தானே வடக்கே ஓடுற லேனா ஆறு தெற்கே ஓடுதுன்னு எழுதுச்சு? பேசாம கோட்டு மாட்டிக்க டீச்சர்."

நடுப்பகலிலும் பனிமூட்டம் பால்போல நின்றது. நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. இருவரும் வேலியைப் பிடித்துக்கொண்டே போய் ஸ்பிரிதோனின் முற்றத்தை அடைந்தார்கள்.

வாசற்படி ஓரம் மூன்று கட்டிகள் கிடந்தன. வெளுத்து, உள்ளே குமிழிகளும் ஒரு நாணல் தண்டும் உறைந்து, கோணல்மாணலாக அறுக்கப்பட்டிருந்தன. நேர் எதிரே, மூட்டத்தில் பத்தடி தடவி நடந்ததும், வேலியோரம் வேறு ஏழு கட்டிகள். கண்ணாடி போன்ற நீலம். அளவுகோல் வைத்து அறுத்ததுபோல நேரான விளிம்பு.

"திருடன் பயந்து போட்டுட்டுப் போயிருக்கான்," என்றாள் துயாரா.

ஒக்தோ குனிந்து சறுக்கு வண்டித் தடத்தைப் பார்த்தாள். "டீச்சர், உள்ளே வர்ற தடத்துல விரலை விடு. எவ்வளவு ஆழம்?"

"ரெண்டு கணு."

"வெளியே போற தடத்துல?"

"கீறல்தான் இருக்கு. ஏன்க்கா?"

"நவம்பர்ல நீ மேலத் தெருவோடதானே கட்டி அறுத்தே? அண்ணன் உங்ககூட வந்தாரா?"

"இல்லையே. கீழத் தெருவோட போறேன்னு சொன்னார்."

"என் தெருவே கீழத் தெருதான்," என்றாள் ஒக்தோ. "அங்கேயும் அவர் வரல."

ஸ்பிரிதோன் அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் உள்ளங்கை கனத்துக்குப் பனி படிந்திருந்தது.

"முந்தாநாள் மத்தியானம் திருடனை என் கண்ணால பார்த்தேன்," என்றார் அவர்.

"என்ன பார்த்தீங்க அண்ணே?"

"வண்டி கிரீச்சு கிரீச்சுனு வந்துச்சு. கட்டி மேல கட்டி மோதுச்சு, டணார்னு. பெருமூச்சு விட்டான். போயிட்டான்."

"என்ன தொப்பி போட்டிருந்தான்?"

"தொப்பியா? தொப்பி... தொப்பி மாதிரிதான் இருந்துச்சு."

துயாரா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஒக்தோ சிரிக்கவில்லை. அவர் தேநீர் ஊற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரலைக் கோப்பைக்குள் மடித்து வைத்திருந்தார். சூடு விரலைத் தொட்டதும் ஊற்றுவதை நிறுத்தினார்.

"டீச்சர், போய் சர்கிலானாவையும் அவ வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா."

ஜுலுஸ்தான் வந்தான். மீசையில் பனி. கதவருகிலேயே நின்றுவிட்டான், ஒன்பது வருடத்தில் அந்த வீட்டுக்குள் அவன் கால் வைப்பது அதுதான் முதல்முறை. சர்கிலானா அவனை விட்டுத் தள்ளி நின்றாள்.

"நாளைக்கு ஊரே கூடி நிக்கிற இடத்துல வெளிவர வேண்டியது, இன்னிக்கு நம்ம நாலஞ்சு பேருக்குள்ள முடியட்டும்," என்றாள் ஒக்தோ. "மன்னிச்சுக்கங்க அண்ணே. திருட வந்த வண்டின்னா வெறுமனே வந்து பாரத்தோட போகும். உங்க முற்றத்து வண்டி பாரத்தோட வந்து வெறுமனே போயிருக்கு. எடுக்க வரல, வைக்க வந்திருக்கு. அந்த ஏழும் குமிழி இல்லாத நீலம், ஆத்துக் கட்டி. இங்கேர்ந்து போய் வர மூணு மணி நேரம் ஆகும். உங்க மருமகன் மூணு வாரமா மத்தியானத்துல வண்டி இழுத்துட்டுப் போனது அங்கேதான்."

துயாராவின் வாய் திறந்தபடியே இருந்தது.

"வாசல்ல இருக்கிறது குட்டையோரக் கட்டி. அதுதான் உங்களது. ரெண்டு தெருவோடயும் நீங்க போகல. அதனால நாப்பத்தஞ்சுங்கற கணக்கே பொய். ஆனா என்னை உலுக்கினது வேற. தண்ணி தீர்ந்துபோற ஒருத்தர் வாசலுக்கு எதிரேயே நாள்கணக்கா ஏழு கட்டி தொடாம நிக்குது. ஏன் தொடல?" அவள் குரல் தணிந்தது. "நீங்க பார்த்தேன்னு சொன்னதெல்லாம் காதுல கேட்டது. எத்தனை நாளா அண்ணே கண்ணு தெரியல?"

கோப்பையை வைக்க அவர் கை மேசை விளிம்பைத் தேடியது.

"ரெண்டு வருஷம்," என்றார் ஸ்பிரிதோன். "நிழல் தெரியும். ஏரியில அறுத்த பள்ளம் திறந்து கிடக்கும். ஊர் முன்னாடி அதுல போய் விழுந்தா? அதான் குட்டையோரமா தனியா உக்காந்து, தடவித் தடவிப் பதினெட்டுதான் அறுத்தேன். இந்த மூட்டத்துல இவ வந்து மிச்சம் எங்கப்பான்னு கேட்டா. வாயில வந்தது திருட்டுங்கற வார்த்தை. யார் தலையில விழும்னு யோசிக்கல."

சர்கிலானா கணவன் பக்கம் திரும்பினாள். "ஊரே பேசுச்சே, நீங்க ஏன் வாயைத் திறக்கல?"

"திறந்தா மாமா வீட்டுல தண்ணி இல்லேன்னு சொல்லணும். அவர் மானத்தை நான் எப்படி..." என்று தொப்பியைக் கசக்கினான் ஜுலுஸ்தான். "ஊர் லாரியில விறகு இறக்க வந்தப்போ பார்த்தேன், அஞ்சாறு கட்டிதான் இருந்துச்சு. நான் கொடுத்தா வீசிடுவார்னு சொல்லாம வச்சேன். தொடாமலே கிடக்கவும், நான்தான்னு கண்டுபிடிச்சு வெறுத்துட்டார்னு நினைச்சேன்."

"நானும் உங்களை..." என்றாள் சர்கிலானா.

"தெரியும். குழம்புல உப்பு மறந்தப்பவே தெரியும்," என்றான் அவன் மெல்ல. அவள் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டாள்.

ஸ்பிரிதோன் மேசையைத் தடவிக்கொண்டு எழுந்தார். குரல் வந்த திசையை நோக்கிக் கையை நீட்டினார். கை தவறான பக்கம் நீண்டது. அங்கே வெறும் சுவர்தான் இருந்தது. ஜுலுஸ்தான் நகர்ந்து, அந்தக் கைக்கு எதிரே போய் நின்றான்.

"மாப்பிள்ளை," என்றார் கிழவர்.

அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

"நாளைக்குக் கூட்டத்துல, பொய் சொன்னது நான்தான்னு நானே சொல்லணும். அதுக்கப்புறம் பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரி. ரெண்டு இடத்துக்கும்... என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறியாப்பா?"