எதிர்முனைக்கு வந்தவர்

ஆஹென் என்ற ஜெர்மன் நகருக்கு வெளியே, காட்டோரம் இருந்த பழைய மாளிகையில் அகதிகளைத் தங்கவைத்திருந்தார்கள். 1992 கோடையில், ஊர்ப் போருக்குத் தப்பிய தமிழ்ப் பையன் பீலிக்ஸ் தன் தம்பி லூக்காஸுடன் அங்கே வந்து சேர்ந்தான். பின்புறத்துப் புல்வெளியைக் கண்டதும் தம்பிக்கு வாயெல்லாம் பல்.

ஈரச் சுவர்களில் மருந்து மணந்தது. முன்பு அது காசநோய்க்காரர்களின் வைத்தியசாலை என்றார் காவல்காரர். அங்கே செத்த ஹென்றி விட்கோம்ப் என்ற ஆங்கிலேயரின் கதையையும் சொன்னார். இங்கிலாந்தில் ஏதோ ஒரு மாவட்டக் கிரிக்கெட் அணிக்காக நாலே ஆட்டம் ஆடியவர். கடைசி ஆட்டத்தில் மற்ற எல்லோரும் அவுட்டாக, இவர் மட்டும் தனியே நின்றார். கூட ஓட ஆளில்லாமல் ஆட்டம் முடிந்தது. அதன் பிறகு அணி அவரைக் கூப்பிடவேயில்லை. நூறு வருடங்களுக்கு முன் நெஞ்சு நோயோடு இங்கே வந்து, கூட ஓட ஒருவன் வேண்டும் என்று கெஞ்சிக் கெஞ்சியே செத்தாராம். பாவம் மனுசன் என்று நினைத்தான் பீலிக்ஸ்.

ஞாயிறு பின்னேரம் தமிழ்ப் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். ஊர் வழக்கப்படி கடைசி ஆள் தனியாகவே அடிக்கலாம். எதிர்முனையில் ஒருவரும் நிற்கமாட்டார்கள். அன்று கடைசி ஆள் லூக்காஸ்.

"அந்த வெள்ளைக்காரனை மற்றப் பக்கம் வரச் சொல்லடா," என்றான் பந்து போட்ட சிறீதரன். "அவர் இன்னும் அவுட்டில்லைத்தானே!"

எல்லோரும் சிரித்தார்கள். லூக்காஸும் சிரித்தபடி கையசைத்துக் கூப்பிட்டான்.

புல்லில் மருந்து மணந்தது.

பந்தை அடித்துவிட்டு ஓடினான். திரும்பினான். மறுபடியும் ஓடினான்.

பந்து வந்து விக்கெட்டைச் சாய்த்தும் அவன் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் பாதி வழியில் யாருக்கோ விலகி இடம்விட்டான்.

"தம்பி, ஓடினது காணும். வாடா!"

"ஏலாதண்ணை... அவர் கூப்பிடுறார்."

பீலிக்ஸ் பாய்ந்து கட்டிப்பிடித்தான். அவனையும் இழுத்துக்கொண்டு ஓடினான் தம்பி. நாலு பேர் சேர்ந்து பிடித்தும் முடியவில்லை. வாயால் இரத்தம் வந்த பிறகுதான் விழுந்தான்.

நெஞ்சைப் படம்பிடித்துப் பார்த்துவிட்டு, நோய் ஒன்றுமில்லை என்று மாளிகைக்கே திருப்பி அனுப்பினார்கள் டாக்டர்கள். ஆனால் கட்டிலில் கிடந்தபடியே அவன் கால்கள் ஓடின. பீலிக்ஸ் அவற்றைத் தன் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தான். மாதாவைக் கூப்பிட்டான். தம்பியை இந்த நாட்டுக்கு அழைத்துவந்ததே தான்தான் என்ற நினைப்பு அவனை அறுத்தது.

"அவனை விடுங்கோ," என்று வெறும் சுவரிடம் கெஞ்சினான். "நான் வாறன். நான் ஓடுறன்."



மறுநாள் மத்தியானம், நல்ல வெயிலில், கால்கள் ஓய்ந்தன. அப்பாடா என்று நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்த்தான்.

மூச்சில்லை.

பக்கத்துக் கட்டிலில் யாருமில்லை. விரிப்புக்கூடக் கசங்கவில்லை.

அங்கிருந்து இரண்டு பேர் மூச்சிரைக்கச் சிரிப்பது கேட்டது.