வாய் பொத்திய எச்சரிக்கை

மடிக்கணினித் திரையில் தண்ணீரின் குளோரின் அளவு 0.42 என்று இருந்தது. காலையிலும் அதேதான். கதீர் பழைய பதிவுகளைப் புரட்டினாள். ஒன்பது நாளாக அதே 0.42.

ஜோர்டானின் அம்மான் நகரில், அவர்கள் பகுதிக்கு விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைதான் தண்ணீர் திறப்பார்கள். மொட்டைமாடித் தொட்டிகள் சளசளவென்று நிரம்பிக்கொண்டிருந்தன. பக்கத்து வீடுகளில் துணி துவைக்கும் மெஷின்கள் உறுமின. சட்டியில் மறந்துபோன இறைச்சி அழுகினாற்போல் ஒரு வாடை குழாய் வழியாக வந்து, அவள் கையிலிருந்த தேநீரிலும் ஏறியிருந்தது. ஒரு வாய் குடித்தவள் அப்படியே துப்பினாள்.

நகரத்துத் தண்ணீரைக் கண்காணிக்கும் ஜாவா நிரல் அவள் எழுதியது. கூட வேலை செய்யும் வஸ்ஃபிக்குப் போன் போட்டாள்.

"லீவு நாள்ல கூட விட மாட்டீங்களா அக்கா? கறி அடுப்புல கிடக்கு."

"சென்சார் ஃபைல்ல புதுசா என்னடா சேர்த்த?"

"போன வாரம் வெப்பநிலையையும் குளோரின் இருக்கற அதே லிஸ்ட்ல போட்டேன். கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டலையே!"

காட்டியிருக்காது. நிரலில் தப்பு இருந்தால் எச்சரிப்பதுதான் கம்பைலரின் வேலை. முன்பு ஒரே ஒரு வரிக்கு எச்சரிக்கை வந்தது. தீங்கில்லாதது என்று சோதித்துப் பார்த்துத்தான் கதீர் அதை அடக்கினாள். ஆனால் அடக்கும் குறியை அந்த வரிக்கு மட்டும் போடாமல், சோம்பல்பட்டு, கோப்பு முழுவதற்குமாக அதன் தலையிலேயே போட்டுத் தொலைத்தாள். அடுத்து வந்த நிஜ எச்சரிக்கையின் வாயையும் அது பொத்திவிட்டது. குளோரின் இருக்க வேண்டிய இடத்தில் வெப்பநிலை வர, நிரல் தடுமாறி, கடைசியாகக் கிடைத்த நல்ல அளவையே காட்டிக்கொண்டிருந்தது.

குளோரின் நின்றுபோனதை யாரும் பார்க்கவில்லை; ஒன்பது நாளாக மருந்தில்லாத தண்ணீர்.

குளியலறையில் குழாய்ச் சத்தம். அவள் மகள் தாலா. ஆறு வயது. குழாயிலேயே வாய் வைத்துக் குடிக்கும் பிள்ளை.

கதீர் எழுந்தாள். நடையில் வாடை இன்னும் கெட்டியாக இருந்தது. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. காலில் கொழகொழவென்று ஒட்டியது. முடி போல ஏதோ. வெள்ளையாக. விரலிடுக்கில் நெளிந்தது.

"தாலா! குடிக்காதே! வெளிய வா!"

கதவைத் தள்ளினாள்.

தாலா நிமிர்ந்து சிரித்தாள். ஒவ்வொரு பல்லிடுக்கிலிருந்தும் மெல்லிய வெள்ளை நூல்கள் தொங்கின.

"வயிறு நிறைஞ்சிடுச்சும்மா," என்றாள். "ஆனா அதுங்களுக்கு இன்னும் வேணுமாம்."

அவள் வாயை மூடிய பிறகும், தொண்டைத் தோலுக்கு அடியில் ஏதோ விழுங்கிக்கொண்டே இருந்தது.