நூற்று நாற்பத்தேழாம் எண்

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் மண்டோர் எண்ணியது இருநூற்றுப் பன்னிரண்டு பேர். கம்ப்யூட்டர் காட்டியது இருநூற்றுப் பதினொன்று.

"சனியன்!" என்று மேசையைத் தட்டினார் கணக்கெழுதும் கிராணி இராசரத்தினம். லாபு எஸ்டேட் ஆபீசில் அந்த இரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகளும் வந்து இறங்கிய மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. விடியற்காலையில், ஜன்னலுக்கு வெளியே, ரப்பர்பால் புளித்த வாடையும் கொசுவத்திப் புகையும் கலந்த இருட்டில் மண்டோர் வீரமுத்து வேலையாட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். "வந்தேன்" என்று பதில் வர வர, இவர் ஒரு பெட்டியிலும் பக்கத்து நாற்காலியில் உதவிக்கு இருக்கும் நீலாவதி மற்றதிலுமாக மளமளவென்று தட்டுவார்கள். எட்டு மணிக்கு மானேஜர் வருவார். இன்றைக்கும் ஆள் குறைந்தால் கிராணி வேலையை விட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

விடுபட்டவள் பால்மரம் வெட்டும் பஞ்சாலை.

"பதில் சொன்னாளே கிராணி, என் காதால கேட்டேன்லா! ஆளத்தான் காணோம்," என்றார் வீரமுத்து.

இராசரத்தினம் வரிவரியாகப் பார்த்தார். பஞ்சாலைக்கு விழவேண்டிய நூற்று நாற்பத்தேழில் தாயம்மா இருந்தாள். அப்போதுதான் பிடிபட்டது. இரண்டு பெட்டியும் ஒரே நொடியில் அடுத்த எண் கேட்டிருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே எண் கிடைத்திருக்கிறது. பிந்தி வந்த பேர் முந்தி வந்த பேரின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அட, இவ்வளவுதானா! மானேஜருக்குச் செய்து காட்டிவிடலாம்.

"நீலா, உன் பேர நீ அடி, என் பேர நான் அடிக்கிறேன். ஒண்ணா தட்டணும்."

"சரிண்ணே."

தட்டினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணில் ஒரே பேர்: இராசரத்தினம். அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

வெளியே வீரமுத்து மறுபடியும் கத்தினார். "பஞ்சாலை!"

"வந்தேன்."

வரிசையில் தாயம்மா மட்டும்தான் வாயைத் திறந்தாள். குரல் பஞ்சாலையுடையது. அதற்கடியில், கொஞ்சம் பிந்தி, தாயம்மாவின் குரலும் வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளும் இரண்டு குரல்களும் அழுதன.

இராசரத்தினம் ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்தார்.

பக்கத்தில் திரும்பினார். நீலாவின் நாற்காலி மெல்லச் சுழன்று நின்றது. காலியாக. தரையில் அவளுடைய சிலிப்பர். ஒரு ஜோடி.

"நீலா!" என்று கூப்பிட்டார்.

தன் தொண்டை தானாக அசைவது தெரிந்தது.

"இங்கதாண்ணே இருக்கேன்," என்றது அவர் வாய்.