கொல்லர் வீட்டுக்குள் ஓடிய எல்லைக்கோடு

எங்கள் ஊர் பிராம்பிள்டீனுக்கும் பக்கத்து ஊர் ஸ்னோர்பிக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு உண்டு. அது ஓடையைத் தாண்டும், ஆட்டுப்பட்டியைச் சுற்றும், பிறகு நேராகக் கொல்லர் கிரம்ப்பின் சமையலறைக்குள் நுழைந்து ஜன்னல் வழியாக வெளியே போய்விடும்.

கிரம்ப்பின் கொள்ளுத்தாத்தா வேண்டுமென்றேதான் அந்தக் கோட்டின் மேல் வீடு கட்டினாராம். ஞாயிற்றுக்கிழமை எந்த ஊர் தேவாலயத்தில் பிரசங்கம் சீக்கிரம் முடிகிறதோ, அன்று அவர் அந்த ஊர்க்காரர்!

ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் எல்லையைச் சுற்றி நடப்போம். கையில் ஆளுக்கொரு குச்சி. எல்லைக்கல்லைப் பார்த்தால் குச்சியால் தட்டி, "இது எங்க எல்லை!" என்று கத்த வேண்டும். கிரம்ப் வீட்டு அடுப்புக்குப் பக்கத்திலும் ஒரு கல் உண்டு. ஊரே பின்வாசல் வழியாக உள்ளே போய், அதைத் தட்டிவிட்டு, ஜன்னல் ஏறிக் குதிக்கும்.

ஒரு வருடம் ஒரு கல் விட்டுப்போனாலும் ஓடைக்கரைப் புல்வெளி ஸ்னோர்பிக்குப் போய்விடும். முந்நூறு வருடத்து ஒப்பந்தம் அது.

அந்தப் புல்வெளியில்தான் நாங்கள் கிரிக்கெட் விளையாடுவோம். அங்கே தபால்காரர் மகள் ஹெட்டியைவிட வேகமாகப் பந்து வீச ஆள் கிடையாது. அவளுக்கு அப்போது பத்து வயது.

அந்த வருடம் நடைக்கு முந்தின நாள் பாதிரியார் டிம்ஸ் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"கிரம்ப் கதவைத் திறக்க மாட்டேங்கறான்! ஒரு காலும் உள்ள வரக்கூடாதுங்கறான். சுத்தியலோட நிக்கறான்!"

பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். கடைசியில் ஹெட்டி போனாள். கதவைத் தட்டியதும் அது இரண்டு விரல் அகலம் திறந்தது. ஒரு கண்ணும் பாதித் தாடியும் தெரிந்தன.

"போ! போ! நாளைக்கு யாரும் வரக்கூடாது!"

"ஏன் மிஸ்டர் கிரம்ப்?"

உள்ளேயிருந்து "ஹாங்க்!" என்று ஒரு சத்தம்.

"அது யாரு?"

"என் இருமல்," என்றார் கிரம்ப்.

ஹெட்டி கீழே பார்த்தாள். "உங்க இருமல் என் ஷூ லேஸைத் தின்னுது."

கதவிடுக்கில் ஒரு வெள்ளைக் கழுத்து நீண்டிருந்தது. அதன் ஆரஞ்சு நிற அலகில் லேஸ் தொங்கியது. கிரம்ப் பெருமூச்சு விட்டு அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

பெரிய வெள்ளை வாத்து ஒன்று அடுப்பை நோக்கி ஆடி ஆடி நடந்து, எல்லைக்கல்லை ஒட்டியிருந்த வைக்கோல் கூடையில் ஏறி உட்கார்ந்தது.

"இவ பேரு அகதா," என்றார் கிரம்ப் மெதுவாக. "கிறிஸ்துமஸுக்குச் சமைக்கத்தான் வாங்கினேன். கத்தியை எடுத்தேன். அவ என் தோள்ல தலையைச் சாய்ச்சுட்டா."

"நீங்க வறுத்துத் தின்னதா ஊரெல்லாம் சொன்னீங்களே!"

"பின்ன எப்படிச் சொல்றது? பட்டறையில இரும்பை வளைக்கறவன் வாத்துக்குக் கம்பளி போத்திவிடறான்னு தெரிஞ்சா சிரிச்சே கொன்னுடுவாங்க. இப்ப அவ உட்கார்ந்திருக்கற முட்டைங்க குளத்து வாத்தோடது. தாயை நரி தூக்கிட்டுப் போயி இன்னியோட இருபத்தேழு நாள். நாளைக்கோ நாளன்னிக்கோ பொரிஞ்சுடும். குச்சியும் கூச்சலுமா ஊரே வந்தா, பயந்து எழுந்துடுவா. முட்டை சில்லுன்னு ஆயிடும், ஹெட்டி."

ஹெட்டி கூடையைப் பார்த்தாள். ஜன்னல் வழியே தெரிந்த புல்வெளியைப் பார்த்தாள்.

"சத்தமே வராம, யாரும் எதையும் பார்க்காம நடந்தா விடுவீங்களா?"

"நம்ம ஊர்க்காரங்களா? சத்தமில்லாமலா?" என்று கிரம்ப் சிரித்தார். ஆனால், மாட்டேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை பின்வாசலில் கூடியிருந்தவர்கள் முன்னால் ஹெட்டி ஒரு முக்காலியில் ஏறி நின்றாள்.

"கதவு திறக்கும். ஆனா செருப்பைக் கழட்டணும். வாயை மூடணும். கண்ணையும் மூடணும். முன்னால போறவங்க தோளைப் பிடிச்சுக்கிட்டு வாங்க. நான் வழி காட்டறேன்."

"ஏன்?" என்று நாற்பது பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"ஏன்னு கேக்கக் கூடாது. அது நாலாவது நிபந்தனை."

நாங்கள் சரியாக நடக்கிறோமா என்று பார்க்க ஸ்னோர்பி ஊர்த் தலைவர் மிஸ்டர் திரப் வந்திருந்தார். இந்த முறை ஒரு கல்லையாவது விட்டுவிடுவோம் என்று மனிதருக்கு மீசை முழுக்க நம்பிக்கை.

"கண்ணை மூடிக்கிட்டு நடந்தா அது ஒரு நடையா?" என்றார்.

"உங்க ஊர்ல போன வருஷம் பாதிப் பேர் தூங்கிக்கிட்டே நடந்தாங்க. நாங்க ஏதாவது சொன்னோமா?" என்றாள் ஹெட்டி.

திரப் முணுமுணுத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் காவலுக்குப் போனார்.

நாங்கள் ரயில் வண்டி போல ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி உள்ளே போனோம். காலுறைகள் தரையில் உரசும் சத்தம் மட்டும்தான். ஹெட்டி தன் குச்சியில் கம்பளித் துண்டைச் சுற்றியிருந்தாள். கல்லைத் தட்டினாள். துப்!

"இது எங்க எல்லை," என்று எல்லோரும் ரகசியம் போலச் சொன்னோம்.

பாதிரியாரின் காலுறையில் ஓட்டை. அதிலிருந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அகதா அதைப் பார்த்துவிட்டாள்.

நறுக்!

பாதிரியார் துள்ளினார். வாய் பிளந்தது. பெரும்பாடுபட்டு, "ஆமென்!" என்று மட்டும் சொன்னார்.

ஜெபம் முடிந்துவிட்டது போல என்று நினைத்து, பின்னால் நின்றவர்களும், "ஆமென்," என்றார்கள்.

அப்போதுதான் கூடையிலிருந்து அந்தக் குரல் கேட்டது. "கீச்!"

"வந்துட்டான்! அகதா, வந்துட்டான்!" என்று கூரை அதிரக் கத்தினார் கிரம்ப்.

எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டோம். மலை போன்ற கொல்லர் வாத்துக்கு முன் மண்டியிட்டிருந்தார். அவருடைய காதுகள் பழுக்கக் காய்ச்சிய இரும்பு போலச் சிவந்தன.

"கிரம்ப்!" என்றார் கசாப்புக்கடை ஹாக்ஸ். "இது நான் வித்த வாத்து! எலும்பைக்கூட விடலைன்னு சொன்னியே!"

இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஹெட்டி கூடைக்கு முன்னால் வந்து கைகளை விரித்து நின்றாள்.

"யாரும் சிரிக்கக் கூடாது. தாயில்லாத முட்டைங்களை இருபத்தெட்டு நாளா பார்த்துக்கிட்டிருக்கார். உங்கள்ல யாரு அப்படிச் செஞ்சிருப்பீங்க?"

ஹாக்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினார்.

"எனக்குச் சிரிப்பு வரலைம்மா. என் வீட்ல ஒரு பன்னிக்குட்டி இருக்கு. போன மாசமே அறுத்திருக்கணும். இப்ப அது மெத்தையில படுக்குது. நான் தரையில படுக்கறேன்."

ஜன்னலில் ஒரு மீசை எட்டிப் பார்த்தது. "எங்க வீட்ல வான்கோழி," என்றார் திரப். "பேரு பெர்சிவல்."

அதற்கு மேல் எங்களால் அடக்க முடியவில்லை. கிரம்ப்தான் முதலில் சிரித்தார். அகதா கழுத்தை நீட்டிச் சீறினாள். நாற்பத்து மூன்று பேரும் சட்டென்று வாயை மூடினோம்.

பிறகு ஒவ்வொருவராக ஜன்னல் ஏறினோம். கடைசியில் ஏறிய பாதிரியார் நடுவயிற்றில் சிக்கிக்கொண்டார். உள்ளே ஹெட்டியும் கிரம்ப்பும் தள்ளினார்கள். வெளியே திரப் அவர் கைகளைப் பிடித்து இழுத்தார். கார்க் பிடுங்கியது போலச் சத்தம் வர, இருவரும் புல்லில் உருண்டார்கள்.

"அய்யய்யோ!" என்று தலையில் கை வைத்தார் திரப். "என் கையாலேயே உங்களை ஜெயிக்க வெச்சுட்டேனே!"

அன்று மாலை பாதிரியார் தேவாலயப் பதிவேட்டைத் திறந்து, "எல்லை நடந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர்," என்று எழுதினார்.

"அகதாவை விட்டுட்டீங்களே," என்றாள் ஹெட்டி.

"அவ எங்கம்மா நடந்தா? உட்கார்ந்துதானே இருந்தா?"

"நாம ஒரு நிமிஷம்தான் எல்லையில நின்னோம். அவ இருபத்தெட்டு நாளா அங்கேயே காவல் இருந்தா."

பாதிரியார் தன் கட்டைவிரலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு பேனாவை மையில் தோய்த்து, மூன்றை அடித்துவிட்டு நான்கு என்று எழுதினார்.