வாழைமரம் கட்டிய வேன்

ஆயுத பூஜைக்கு மறுநாள், படாளத்திலிருந்து சம்பத் மாமாவின் வேன் கோத்தகிரி மலைக்குக் கிளம்பியது. முன்கண்ணாடியில் சந்தனம், குங்குமம். மூக்கில் சாமந்தி மாலை. முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு வாழைமரம். வேன் மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"மாமா, வழியில பசிச்சா இந்த மரத்த சாப்டுக்கலாமா?" என்று கேட்டான் ஹேமந்த்.

"கைய வெச்சே, இறக்கி வுட்ருவேன்! பூஜை போட்ட மரம். மூணு நாளைக்கு அவுக்கக் கூடாது."

காற்றில் சாயாமல் இருக்க, மரங்களைக் கட்டிய கயிறுகளை முன்ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே இழுத்து, கைப்பிடியில் முடிச்சுப் போட்டிருந்தார் மாமா.

வேனில் ஆறாம் வகுப்புத் தோழர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மாமாவின் அக்கா மகள் அம்சா, பக்கத்து வீட்டு ஹேமந்த், அடுத்த தெரு ஜெனிஃபர். ஜெனிஃபரின் அப்பா ஞானதாஸும் கூட வந்தார்.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஜெனிஃபருக்கு வாந்தி வந்துவிட்டது. ஜன்னலோர சீட்டும் எலுமிச்சம்பழமும் கொடுத்தார்கள். ஒன்றும் உதவவில்லை.

மேலே ஒரு டீக்கடைக்கு எதிரே, சரிவில் வேன் நின்றது. எங்கும் பனிமூட்டம். மாமாவும் ஞானதாஸும் ஹேமந்தும் இறங்கி டீக்கடைக்குப் போனார்கள். அம்சாவும் ஒரு காலைக் கீழே வைத்தாள். மேகத்தைத் தொட்டுப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை. திரும்பிப் பார்த்தாள். ஜெனிஃபர் பின்சீட்டில் சுருண்டு படுத்திருந்தாள்.

அம்சா காலை உள்ளே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"நீ போடி," என்றாள் ஜெனிஃபர்.

"போய் இன்னா பண்ணப் போறேன்? டீ எனக்குப் புடிக்காது."

கொஞ்ச நேரத்தில் வேன் ஆடியது.

"டேய் ஹேமந்து, ஆட்டாதடா! அவளுக்கு இன்னும் கொமட்டுது!" என்று கத்தினாள் அம்சா.

"நா இங்க கீறேன்!" என்று பதில் வந்தது. எதிர்ப்பக்கம், டீக்கடையிலிருந்து!

அப்படியானால் வேனை ஆட்டுவது யார்?

முன்ஜன்னலில் ஒரு கண் தெரிந்தது. பெரிய, ஈரமான கண். அதற்கு மேலே ஒரு கொம்பு. அதற்குப் பின்னால், பனியில் பாதி மறைந்து, கருங்கல் சுவர் மாதிரி ஓர் உடம்பு.

காட்டெருமை! வாழை இலையைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

பனி விலகியது. டீக்கடையில் இருந்தவர்களும் பார்த்துவிட்டார்கள். ஞானதாஸின் டம்ளர் சாய்ந்து டீ அவர் காலில் கொட்டியது. அவருக்கு அது தெரியவே இல்லை.

"ஐயோ! புள்ளைங்க உள்ள கீதுங்களே!" என்று ஓடப் போன சம்பத் மாமாவின் சட்டையைக் கடைக்கார அம்மா பிடித்து இழுத்தார்.

"கத்தாதீங்க! கிட்டப் போகாதீங்க! மிரண்டா முட்டிரும்!"

அந்த நேரம் பார்த்து காட்டெருமை தலையைத் தூக்கியது. மரத்தைக் கட்டியிருந்த கயிறு அதன் கொம்பில் சிக்கிக்கொண்டது. அது தலையை உதறியது. வேன் குலுங்கியது. மறுபடி உதறியது. வேன் ஒரு ஜாண் நகர்ந்தது.

"இறங்கி ஓடிடலாம்டி!" ஜெனிஃபர் கதவில் கை வைத்தாள்.

அம்சா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம். வெளிய போனாதான் ஆபத்து. அதப் பாரு, நம்ம வூட்டு மாடு கயித்துல மாட்டிகினு முழிக்கும்ல? அதே முழி. அதுக்கும் பயம்தான்டி. நீ அசையாம படு. நா அவுத்து வுட்டுர்றேன்."

சத்தமில்லாமல் முன்சீட்டுக்கு ஊர்ந்து போனாள். கயிற்றின் முடிச்சு வண்டிக்குள்ளே, அவள் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. மாடு கட்டும் முடிச்சு. நுனியை இழுத்தால் அவிழ வேண்டும்.

இழுத்தாள். அவிழவில்லை! வெளியே அது இழுக்க இழுக்க, முடிச்சு இறுகியது.

அம்சா நுனியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். "இழுக்காத... ஒரே ஒரு நிமிஷம் இழுக்காம இரு," என்று முணுமுணுத்தாள்.

காட்டெருமை களைத்துப்போய்த் தலையைத் தாழ்த்தியது. கயிறு தளர்ந்தது.

சட்டென்று இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்தது. கயிறு ஜன்னல் இடுக்கு வழியாகச் சரசரவென்று வெளியே ஓடியது. மரம் சாலையில் விழுந்தது. காட்டெருமை தலையை உதறியதும் கொம்பிலிருந்து கயிறும் நழுவியது.

அது ஒரு முறை வேனைப் பார்த்தது. பிறகு ஒரு வாழை இலையைப் பிய்த்து வாயில் கவ்வியபடி, முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருந்த கால்களை எடுத்து வைத்து, நிதானமாகத் தேயிலைச் செடிகளுக்குள் நடந்து போனது.

சம்பத் மாமா வந்து கதவைத் திறந்தார். இருவரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா மாமா?"

"ஒன்னுமில்லம்மா. காலு ரெண்டும் வேற யாருதோ மாதிரி கீது."

"வெள்ள சாக்ஸ் போட்டுகினு ஸ்கூலுக்குப் போற மாதிரி போச்சு, பாத்தியாடி?" என்றான் ஹேமந்த். அவன் பல் இன்னும் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

மாமா எழுந்து, மறுபக்கத்து மரத்தைத் தானே அவிழ்த்தார்.

"மூணு நாளைக்கு அவுக்கக் கூடாதுன்னீங்க?" என்று கேட்டான் ஹேமந்த்.

"சாமி கோச்சிக்காதுடா. இது உள்ள வரட்டும்."

ஹேமந்த் அதை ஜன்னலோரம் சாய்த்தான். "அங்க வேணாம்!" என்று நான்கு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"அம்சா, ஜன்னல்ல நீ உக்காரு," என்றாள் ஜெனிஃபர். "எனக்கு இனிமே வாந்தி வராது. பயத்துல அதுவும் ஓடிப்போச்சு."

வேன் கிளம்பியது. அம்சாவுக்கு ஜன்னலோரம். வாழைமரத்துக்கு நடு சீட்டு. ஹேமந்த் தரையில் உட்கார்ந்து வந்தான்.