ராணியைக் கொடுத்த கவியா

கவியா தன் ராணியைத் தூக்கி எழிலனுடைய ராஜாவின் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

எழிலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ராணிக்குத் துணையாக ஒரு காய்கூட இல்லை. அவன் ராஜாவே அதை வெட்டிவிடலாம். தெரியாமல் வைத்துவிட்டாளா?

எழிலனுக்குப் பன்னிரண்டு வயது. காரைக்கால் பள்ளிகளுக்கிடையே நடக்கும் செஸ் போட்டியில் இரண்டு வருடமாக அவன்தான் கோப்பை வாங்குகிறான். கவியாவுக்கு ஒன்பது வயது. கீழவாஞ்சூரிலிருந்து வந்திருந்தாள். உட்கார்ந்தால் பலகை எட்டவில்லை என்று நாற்காலியில் மண்டியிட்டு இருந்தாள்.

இறுதி ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அவள் தன் மந்திரியால், அவன் ராஜாவுக்குக் காவல் நின்ற சிப்பாயை வெட்டினாள். ஒரு சிப்பாய்க்காக யாராவது மந்திரியைக் கொடுப்பார்களா? எழிலன் மனதுக்குள் சிரித்துக்கொண்டே ராஜாவால் மந்திரியை வெட்டினான். உடனே ஒரு குதிரை பாய்ந்து வந்து செக் வைத்தது. ராஜா ஒரு கட்டம் முன்னே நகர்ந்தது. இப்போது ராணியே வந்து நிற்கிறது.

வந்ததை விடுவானேன் என்று அதையும் வெட்டினான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவனால் நம்பவே முடியவில்லை. ஒரு சிப்பாய் செக் வைத்தது. ராஜா திரும்பிப் போகும் வழியையெல்லாம் குதிரையும் மிச்சமிருந்த மந்திரியும் அடைத்திருந்தன. முன்னே போவதைத் தவிர வழியில்லை. செக், செக் என்று விரட்ட விரட்ட, ராஜா தனியாக நடந்து கவியாவின் படைக்கு நடுவிலேயே போய்ச் சேர்ந்தது. எழிலனின் ராணியும் இரண்டு யானைகளும் பின்வரிசையிலேயே தூங்கிக்கொண்டிருந்தன.

கடைசியில் கவியா இன்னொரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினாள்.

“செக்மேட் அண்ணா.”

எழிலன் பலகையைப் பார்த்தான். தப்பிக்க ஒரு கட்டம்கூட இல்லை.

பார்வையாளர் பக்கமிருந்து அவனுடைய அப்பாவின் குரல் எழுந்தது. தமிழ்ச்செல்வன் எழுந்து நடுவர் மேசைக்கே வந்துவிட்டார். ஆட்டம் நடக்கும்போது அந்தப் பெண்ணின் அம்மா கையில் செல்போனோடு ஜன்னலோரம் நின்றதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். போனில் பார்த்துச் சைகை காட்டியிருப்பார்கள், இந்த ஆட்டம் செல்லாது என்றார்.

கவியாவின் அம்மா மாரிக்கண்ணு ஓடி வந்து மகள் பக்கத்தில் நின்றாள். அவள் கையிலிருந்த பழைய போனில் பொத்தான்கள்தான் இருந்தன. அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. கவியா நாற்காலியிலிருந்து இறங்கி அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நடுவர் மங்கையர்க்கரசி மிஸ், புகார் வந்துவிட்டதால் விசாரிக்கும்வரை கோப்பையைக் கொடுக்க முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

எழிலன் திகைத்துப் போனான். பேசாமல் இருந்தால் கோப்பை அவனுக்கே வந்தாலும் வரும். ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவன் அவன் ஒருவன்தானே.

“அப்பா, அவ ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லப்பா. என் ராஜாவையேதான் பாத்துட்டு இருந்தா.”

“நீ சும்மா இருடா. ஒம்பது வயசுப் புள்ளைக்கு ராணியக் கொடுத்து ஆட வருமா?”

எழிலன் யோசித்தான். பிறகு நேராக நடுவரிடம் போனான்.

“மிஸ், நான் வேற மாதிரி ஆடியிருந்தா அவ என்ன செஞ்சிருப்பான்னு கேட்டுப் பாருங்க. ஜன்னலச் சாத்திடுங்க. அவங்க அம்மா வெளிய இருக்கட்டும். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஜெயிக்கத்தான் ஆடுவேன்.”

மிஸ்ஸுக்கு அது சரியென்று பட்டது. ஜன்னல்கள் மூடப்பட்டன. கவியா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் நாற்காலியில் ஏறினாள். எழிலன் ஒவ்வொரு முறையும் காய்களை, அவள் மந்திரியைக் கொடுத்த பிறகு இருந்தபடியே திரும்ப அடுக்கினான்.

முதலில், குதிரை செக் வைத்தபோது ராஜாவை முன்னே விடாமல் பின்னுக்கு இழுத்தான். கவியாவின் ராணி ஓடி வந்து ஓரத்தில் நின்றது. நான்கே நகர்த்தலில் ராஜா மாட்டிக்கொண்டது.

அடுத்து, தன் ராணியால் குதிரையை வெட்டினான். தூரத்தில் ஒளிந்திருந்த மந்திரி வந்து அவன் ராணியைத் தின்றுவிட்டது. எழிலன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மூன்றாவது முறை, அவள் கொடுத்த ராணியை வெட்டாமல் ராஜாவைப் பக்கத்தில் நகர்த்தினான். அவன் கையை எடுப்பதற்குள் கவியா பதில் ஆட்டம் ஆடிவிட்டாள். செக்மேட்.

தமிழ்ச்செல்வன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி ஆட எங்கே பழகினாய் என்று மிஸ் கேட்டார். துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்ற வரும் லாரிகள் வரிசையில் நிற்குமாம். அங்கேதான் அம்மா டீ விற்கிறாளாம். லாரி நிழலில் டிரைவர்களோடு ஆடுவாளாம்.

“வரிசை நகந்துச்சுன்னா ஆட்டத்தப் பாதியில விட்டுட்டுப் போயிருவாங்க மிஸ். அதான் சீக்கிரமா ராஜாவப் புடிச்சிருவேன்.”

மிஸ் சிரித்துவிட்டார். ஜன்னலைத் திறந்து மாரிக்கண்ணுவை உள்ளே அழைத்தார்கள். தமிழ்ச்செல்வன் அவளிடம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு, தப்பாகப் பேசிவிட்டதாகவும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாமென்றும் சொன்னார்.

“எனக்கு அதுல குதிரை எதுன்னு மட்டுந்தாங்க தெரியும்,” என்றாள் மாரிக்கண்ணு. “அதுவும் மூஞ்சி இருக்கிறதால.”

மண்டபமே சிரித்தது. தமிழ்ச்செல்வனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கோப்பை கவியாவின் இடுப்புயரம் இருந்தது. அவளால் தனியாகத் தூக்க முடியவில்லை. ஒரு கைப்பிடியை எழிலன் பிடித்துக்கொண்டான். ஒரே மாலையில் நான்கு முறை தோற்றிருந்தான். ஆனாலும் வாசல்வரை போவதற்குள் அவளிடம் கேட்டுவிட்டான், நாளைக்கு லாரி வரிசை எத்தனை மணிக்கு நிற்கும் என்று.